கடவுளைத் துரையாக்கியவர்கள்

மதத்தை விட்டு வெளியே வந்தவனிடம் நம் ஆட்கள் "ஏன் விட்டே?" என்று கேட்பதில்லை. "இப்போ எதுல இருக்கே?" என்றுதான் கேட்கிறார்கள். கட்சி மாறியவனிடமும் கைப்பேசி லைன் மாற்றியவனிடமும் கேட்கிற அதே கேள்வி. ஏதாவது ஒன்றில் இருந்தே ஆக வேண்டும். எதிலும் இல்லாதவன் பில் கட்டாதவன் மாதிரி.

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இயங்கிய கறாரான சபை ஒன்றிலிருந்து நான் விலகி ஆறு வருடமாகிறது. அந்தச் சபையின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த ஆறு வருடத்தில் என்னைத் தங்கள் கணக்கில் சேர்க்கப் பார்த்தவர்கள் மூன்று வகை. கோயில் கமிட்டியில் இருக்கும் மாமா, "தாய் மதத்துக்கே வந்துட்டே, சந்தோசம்டா" என்று தோளில் தட்டினார். நான் எங்கும் வரவில்லை என்பது அவர் காதில் விழவில்லை. சபையில் எனக்கு மூத்தவராக இருந்த அண்ணன், "பிசாசு ஒன்ன ஏமாத்திட்டான் தம்பி, கதவு தொறந்துதான் இருக்கு" என்று மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பகுத்தறிவாளரான ஒரு நண்பர், முதலில் கைகொடுத்துப் பாராட்டினார். பிறகு நான் இரவில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருகிறேன் என்று கேள்விப்பட்டு, "இன்னும் முழுசா தெளியலயா?" என்றார்.

மூவரும் ஒருவரை ஒருவர் வெறுப்பவர்கள். ஆனால் பிரார்த்தனை என்றால் என்ன என்று கேட்டால் மூவரிடமும் ஒரே விளக்கம்தான் இருக்கிறது. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவன் போடும் மனு. மாமாவும் அண்ணனும் மனுவைச் சரியான அலுவலகத்துக்கு அனுப்பு என்கிறார்கள். நண்பர் அப்படி ஓர் அலுவலகமே கிடையாது என்கிறார். மனு என்ற வடிவத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. என் சண்டை அந்த வடிவத்தோடுதான். நம்மில் பலர் மதத்தை விடுகிறோம். மனு போடும் கையை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு வாசலில் போய் நிற்கிறோம்.

முதலில் சபைக்கு நியாயம் செய்துவிடுகிறேன். கோலாசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் கித்தா மரங்கள் விழுந்து செம்பனை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக லயங்கள் காலியாயின. மூன்று தலைமுறையாக ஒரே பெரட்டுக்களத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு தாமானுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் சிதறினார்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் ஐம்பது வீட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரன் பெயர் தெரியாது. அந்த வெற்றிடத்துக்குள் முதலில் படியேறி வந்தது சபைதான். அரிசி கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் வைத்தார்கள். சம்சுவில் கிடந்த அப்பாவை எழுப்பி வேலைக்கு அனுப்பினார்கள். அப்போது கோயில் கமிட்டி தலைவர் பதவிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பகுத்தறிவாளர்கள் பட்டணத்தில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். "காசுக்கு மதம் மாறிட்டாங்க" என்று எளிதாகச் சொல்கிறவர்களை நான் மதிப்பதில்லை. அந்தப் படிகளில் அவர்கள் யாரும் ஏறி வந்ததில்லை.

அரிசி வந்த வழியில் சட்டமும் வந்தது. அம்மாவின் தாலி கழன்றது. வாசலில் கோலம் நின்றது. பக்கத்து வீட்டுப் பொங்கலை வாங்கினால் விக்கிரகத்துக்குப் படைத்தது. சினிமா பாட்டு கேட்டால் உலகத்துக்குரியது. தீபாவளிக்குத் தாத்தா வீட்டுக்குப் போனால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் நம் கதை வரும். வாரம் ஒரு உபவாச ஜெபம். வாசலில் ஒரு பெட்டி, அதில் போட ஜெபக்குறிப்புத் தாள். பெயர், பிரச்சினை, வேண்டுதல் என்று மூன்று கோடு போட்டிருக்கும். வேலை, வீட்டுக்கடன், மகன் படிப்பு, கட்டி கரைய வேண்டும். மேடையில் வாசிப்பார்கள். யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பது இப்படித்தான் சபை முழுக்கத் தெரியும். கண்காணிப்புக்கு இதைவிடச் சுலபமான ஏற்பாட்டை எந்த அரசாங்கமும் கண்டுபிடித்ததில்லை. ஜனங்களே எழுதிக் கொடுப்பார்கள்.

என் அத்தை, அப்பாவின் அக்கா, முப்பது வருடம் பால் வெட்டியவர். இனிப்புநீர். அரசாங்க கிளினிக்கில் மாத்திரை, பிறகு ஊசி. ஒரு விசேஷக் கூட்டத்தில் அவருக்காக ஜெபித்தார்கள். அடுத்த வாரம் மேடையேற்றி "நான் குணமடைந்தேன்" என்று சாட்சி சொல்ல வைத்தார்கள். சாட்சி சொன்ன பிறகு ஊசி போட்டுக்கொண்டால் அது பொய்ச் சாட்சி ஆகாதா? அத்தைக்கு அந்தப் பயம். ஊசியை நிறுத்தினார். நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை என்பார்கள். அதுவும் உண்மைதான். யாரும் வாயால் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் வலது கால் பெருவிரலில் புண். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. சபை இதற்கும் விளக்கம் வைத்திருந்தது. விசுவாசக் குறைவு, அல்லது வீட்டில் யாரோ மறைத்து வைத்திருக்கும் பாவம்.

நான் செம்பனை எண்ணெய் மில்லில் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளன். பழக்குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் ஏறக்குறைய மூன்று பார் நீராவி அழுத்தம் இருக்கும். அதன் கேஜ், நீராவி உள்ளே வந்தாலும் மூன்று காட்டுகிறது, வால்வை முழுக்க மூடினாலும் மூன்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை செய்யும் எந்த டெக்னீஷியனும் "எவ்வளவு உறுதியான கேஜ்!" என்று அதைக் கும்பிட மாட்டான். கழற்றி வீசுவான். அதை நம்பி யாரும் கதவைத் திறக்க முடியாது. குணமானால் கர்த்தரின் கிருபை, குணமாகாவிட்டால் உன் விசுவாசக் குறைவு என்ற விளக்கம் முள் ஒட்டிக்கொண்ட கேஜ். எது நடந்தாலும் அதற்கு வெற்றிதான். தோல்வியின் செலவு எப்போதும் மனு போட்டவன் தலையில். அத்தை விஷயத்தில், அவர் காலில்.

சாட்சி மேடையும் அப்படித்தான். குணமானவர் மேடையேறுவார். செத்தவர் வந்து "எனக்குக் குணமாகவில்லை" என்று சாட்சி சொன்னதாகச் சரித்திரம் இல்லை. உடைந்து போன பொருளைக் கணக்கிலேயே சேர்க்காத தரக்கட்டுப்பாட்டில் எந்தத் தொழிற்சாலையும் நூற்றுக்கு நூறு வாங்கும்.

இந்த இடத்தில் கோயில் மாமா உற்சாகமாவார். "அதான் நான் அப்பவே சொன்னேன்!" கொஞ்சம் பொறுங்கள் மாமா. அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் சொன்னதும் என் நினைவில் இருக்கிறது. "கொலதெய்வத்த விட்டுட்டுப் போனா சும்மா விடுமா?" சபை சொன்னது பாவம், நீங்கள் சொன்னது சாபம். அடியில் இருக்கும் கணக்கு ஒன்றுதான். மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கோபம், நோயாளிதான் குற்றவாளி. இரண்டு பேரும் இன்சுலின் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயிலில் மட்டும் மனு இல்லையா? எஸ்பிஎம் வந்தால் பேனாவும் தேர்வுச் சீட்டும் சாமி காலடியில் குவிகின்றன. யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் ஒழித்தார்கள். பூசைகள் ஒழியவில்லை, அடுத்த தேர்வுக்கு மாறிக்கொண்டன. 'ஏ' கிடைத்தால் பால்குடம், வேலை கிடைத்தால் காவடி. காவடியைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. உடம்பால் கும்பிடும் ஒரு மனிதனின் தீவிரத்தை வெளியே நின்று அளக்க முடியாது. ஆனால் அதை வியாபாரப் பேச்சில் 'வேலை முடிந்தால் கூலி' என்று சுருக்கியது யார்?

இந்த மனு மொழி நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் நான் லயத்துக்குத்தான் திரும்பிப் போகிறேன். தோட்டம் என்பது ஒரு முழு உலகம். உச்சியில் துரை. அவருக்குக் கீழே கிராணி. அவருக்குக் கீழே கங்காணி, பிற்பாடு தண்டல். தொழிலாளி நேரே துரையிடம் போய்ப் பேச முடியாது. கிராணி வழியாகத்தான் போக வேண்டும். குரல் தாழ்த்த வேண்டும். கேட்டது கிடைத்தால் துரையின் நல்ல மனசு. கிடைக்காவிட்டால் நீ கேட்ட விதம் சரியில்லை. துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இப்படியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வானத்தைப் பார்க்கும்போது அங்கேயும் ஒரு பங்களா தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? மேலே பெரிய துரை, நடுவில் மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பாஸ்டர் அல்லது பூசாரி. பக்தி நம் ஊரிலிருந்து கப்பலில் வந்தது. அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் சட்டையை இங்கே வந்து மாட்டினோம்.

இந்த மனு மொழியை ஒருமுறை நம் ஆட்களே உடைத்திருக்கிறார்கள். 1941இல் இதே சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி மற்ற தோட்டங்களுக்குப் பரவிய வேலைநிறுத்தம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது. கள்ளுக்கடைகளை மூடுவது இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பும் மருத்துவமும் இருந்தன. கூடவே இன்னொன்றும் இருந்தது: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போகும் உரிமை. நாதனைக் கைது செய்து நாடுகடத்தினார்கள். படை வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். பள்ளியில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. முதல்முறை படித்தபோது கூலியைவிட அந்தச் சைக்கிள்தான் என்னை உலுக்கியது. சாப்பாட்டுக்கே இல்லாதவன் ஏன் சைக்கிளைப் பற்றிக் கேட்கிறான்? இறங்கி நிற்பது பழகிவிட்டால் எல்லா இடத்திலும் இறங்கி நிற்போம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பிரார்த்தனைகள் இன்னும் அந்தச் சைக்கிளிலிருந்து இறங்கித்தான் நிற்கின்றன.

நம் வழிபாடு முழுக்கவே இப்படித்தான் இருந்தது என்றால் அது பொய். தோட்டத்து எல்லையில் மரத்தடியில் கல்லாக நின்ற முனியாண்டி, துரை மாதிரி பங்களாவில் இருந்தவர் இல்லை. அவர் நம்மோடு சுருட்டுப் பிடித்தார். மழை பெய்தால் நம்மோடு நனைந்தார். மாடு தொலைந்தால் என் பாட்டி அவர் முன்னால் போய் நின்று, "கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? காவலுக்கு நிக்கிறியா, தூங்குறியா?" என்று கத்துவாராம். அது மனு இல்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு போடும் சண்டை. அதில் பயம் குறைவு, உரிமை அதிகம். அந்தக் கல்லுக்கு இன்று கோபுரம் வந்துவிட்டது. கும்பாபிஷேகம், கிரில் கதவு, உடைக் கட்டுப்பாடு, அர்ச்சனைக்கு விலைப்பட்டியல் எல்லாம் வந்துவிட்டன. சுருட்டைக் காணோம். சபை கறாரானது என்று நாம் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் முனியாண்டியும் மெதுவாகத் துரை ஆகிவிட்டார். பாட்டி இன்று அங்கே போய்க் கத்தினால் கமிட்டி போலீஸைக் கூப்பிடும்.

புதுமைப்பித்தன் இதை எப்போதோ பார்த்துவிட்டார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைக்கு வரும் கடவுள், பிள்ளையோடு காப்பி குடிக்கிறார், வீட்டுக்கு வருகிறார், வேலை தேடிப் பார்க்கிறார். கடைசியில் மனிதர்களோடு கூட இருந்து வாழ முடியாது, தள்ளி நின்று வரம் கொடுக்கத்தான் முடியும் என்று உணர்ந்து போய்விடுகிறார். கடவுளைக் கேலி செய்த கதை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு இது நம்மைப் பற்றிய கதை. வீட்டுக்குள் வந்த கடவுளை நமக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தூரத்தில் இருந்து வரம் கொடுத்தால்தான் வசதி.

வீட்டிலும் சபையிலும் கற்ற பாடத்துக்கு அரசாங்கமும் முத்திரை குத்துகிறது. ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை. 1970இலிருந்து பள்ளிச் சபைகூடலில் கையுயர்த்திச் சொல்கிறோம். என் வயதுக்காரர்களுக்கு எஸ்பிஎம் நன்னெறிப் பாடம் மறக்காது. 36 நெறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஒரு சொல் விட்டாலும் மார்க் போகும் என்று பயந்து மனப்பாடம். முதல் நெறியே இறை நம்பிக்கை. அதன் வரையறையில், இறைவன் படைத்தவன் என்ற உறுதியோடு அவன் கட்டளைகள் அனைத்துக்கும் கீழ்ப்படிவதும் சேர்ந்திருந்தது. பதினேழு வயதில் நான் கடவுளை மலாய் மொழியில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தேன். நம்பிக்கை என்றால் கீழ்ப்படிதல் என்று சபை சொன்னதைப் பாடநூலும் சொன்னது. தேடுவது, சந்தேகப்படுவது, சும்மா வாயடைத்து நிற்பது எதற்கும் அந்த வரையறையில் இடமில்லை.

கீழ்ப்படிதலைச் சட்டமே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இதே வடக்குச் சிலாங்கூரின் உலு யாம். 2007இல் மலாக்காவைச் சேர்ந்த ரேவதியை அங்குள்ள 'மறுவாழ்வு' மையத்தில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். பெற்றோர் இஸ்லாத்துக்கு மாறியவர்கள். வளர்த்ததோ இந்துப் பாட்டி. இந்து முறைப்படி கல்யாணம் செய்து, குழந்தையும் பெற்றிருந்தார். தன்னை முஸ்லிம் அல்லாதவராக அறிவிக்கக் கேட்டு அந்த ஜனவரியில் மலாக்கா ஷரியா நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் 100 நாள் என்றார்கள், பிறகு 180 நாளாக நீட்டினார்கள். ஜூலையில் வெளியே வந்தவர், தலைத்துணி அணியவும் தொழவும் தன்னைக் கட்டாயப்படுத்தியதாகவும், மாட்டிறைச்சி கொடுத்ததாகவும் சொன்னார்.

கட்டாயப்படுத்தித் தொழ வைக்கப்பட்ட ஒரு பெண். அந்தத் தொழுகை யாரைப் போய்ச் சேர்ந்திருக்கும்? ஒரு நல்ல முஸ்லிமுக்கே அது தொழுகையாகத் தோன்றாது. ரேவதிக்காக நம் சமூகம் கொதித்தது. கொதித்தது சரிதான். ஆனால் அதே மாமாக்கள்தான் பெந்தேகோஸ்தே சபைக்குப் போகும் மருமகளை வீட்டில் விளக்கேற்ற வைக்கிறார்கள். அதே சபைக்காரர்கள்தான் மாறி வந்த பெண்ணின் தாலியைக் கழற்ற வைக்கிறார்கள். உலு யாமுக்கு மதில் இருந்தது, காவலாளி இருந்தார். நம் வீடுகளுக்கு அவை தேவைப்படுவதில்லை, அவ்வளவுதான். ஒருத்தியின் மனச்சாட்சிக்காகக் கொதித்தவர்கள், இன்னொருத்தியின் மனச்சாட்சி என்று வரும்போது எண்ணிக்கை பேசினால், முதல் கொதிப்பும் எண்ணிக்கைக்காகத்தான் என்று நான் முடிவுகட்டுவேன்.

விலகுவதற்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கடவுள் இல்லை என்று வெளிப்படையாக எழுதிய திராவிடர் விடுதலைக் கழகத் தோழர். அதே ஆண்டு ஆகஸ்டில், கோலாலம்பூரில் நாத்திகர்கள் கூடி எடுத்த ஒரு படம் பரவியதும், அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று நம் அமைச்சர் ஒருவர் பேசினார். எனக்குக் கிடைத்ததெல்லாம் வாட்ஸ்அப் செய்தியும் சொந்தக்காரர் முணுமுணுப்பும்தான். சட்டப்படி நான் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. பக்கத்து மேசையில் வேலை செய்பவனுக்கு அந்த வசதி கிடையாது. இவ்வளவு மலிவாகச் சுதந்திரம் கிடைத்தவன் அதை வைத்து என்ன செய்கிறான் என்று கேட்க வேண்டாமா?

என் பகுத்தறிவு நண்பரிடம் இதைத்தான் கேட்கிறேன். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஈப்போ தமிழர் மாநாட்டைத் திறந்துவைத்தார். சாதியும் சடங்கும் கள்ளும் பிடுங்கித் தின்ற கூலிச் சமூகத்தின் முன்னால் நின்று சுயமரியாதை பேசினார். அந்தச் சொல்லே சைக்கிளை விட்டு இறங்காதே என்பதுதான். நான் சபையின் படியிறங்கியதில் அந்தச் சொல்லுக்கும் பங்குண்டு. ஆனால் அவர் பெயரைச் சொல்லும் சிலருக்கு இன்று மிச்சமிருப்பது சிரிப்பு மட்டும்தான். கும்பிடுகிறவளைப் பார்த்துச் சிரிப்பு. ஏன் கும்பிடுகிறாள் என்று கேட்கும் பொறுமை இல்லை. சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை 300 வெள்ளி கட்டித் தன்முன்னேற்றப் பட்டறைக்குப் போகிறார்கள். பிரபஞ்சத்திடம் கேள், அது தரும் என்று அங்கே ஒருவர் சொல்ல, கேட்க வேண்டியதைத் தாளில் எழுதுகிறார்கள். பெயர், பிரச்சினை, வேண்டுதல். எனக்கு அந்தத் தாளைத் தெரியும். மூன்று கோடு போட்ட அதே தாள். கடவுளை எடுத்துவிட்டுப் பிரபஞ்சத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்காலி மட்டும் மாறவில்லை.

மதத்தை விட்டவனுக்கு முன்னால் இரண்டே வழி, ஒன்று இன்னொரு மதம், இல்லாவிட்டால் வெறுமை என்பதைத் தமிழ் வரலாறு ஒப்புக்கொள்ளாது. வள்ளலாரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அவரைச் சைவ உணவு விளம்பரமாக்கிவிட்டோம். கந்தகோட்டத்து முருகனைப் பாடிய பையன், சிவனைப் பாடி உருகிய மனிதர். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். 1872இல் சத்திய ஞானசபை கட்டினார். 1873இல் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசியபோது, சமயங்களில் பற்று வைக்க வேண்டாம் என்றார். தமக்கும் ஒருகாலத்தில் சைவத்தில் அளவில்லாத பற்று இருந்தது, தம் பாடல்களே அதற்குச் சாட்சி என்றும் சேர்த்துச் சொன்னார். தான் பாடியதைக் கிழிக்கவில்லை, மறைக்கவுமில்லை. அதைத் தாண்டிப் போனார். தாண்டிய இடத்தில் இருந்தது வெறுமை இல்லை, ஒரு விளக்கும் ஒரு அடுப்பும். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவன் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, ஜெபக்குறிப்பு எழுத வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்தால் சாப்பாடு.

பிரார்த்தனையைத் திரும்ப யோசிப்பது என்றால் எனக்கு இதுதான். நம் மொழியிலேயே அதற்கு வழி இருக்கிறது. 'வேண்டுதல்' என்ற சொல்லில் ஆசை இருக்கிறது, மனு இருக்கிறது. ஆனால் என் பாட்டி அதிகம் சொன்ன சொல் வேறு. "ஒன்ன நெனச்சுக்கிட்டேன்டா" என்பார். விடிவதற்கு முன்னால், தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு முதல் மரத்தில் கத்தி வைக்கும்போது ஒரு நொடி நின்று நினைத்துக்கொள்வாராம். யாரை, எதை என்று சொன்னதில்லை. கேட்டது கிடைத்ததா என்று பின்னால் கணக்குப் பார்த்ததும் இல்லை. நினைப்பதற்குக் கிராணி தேவையில்லை. நினைப்பதை யாரும் மேடையில் வாசிக்க முடியாது.

நான் இரவில் உட்காரும் அந்தப் பத்து நிமிடம் இதுதான். எதையும் கேட்பதில்லை. இன்று யாருடைய உழைப்பில் சாப்பிட்டேன், யாருடைய வலி எனக்குத் தெரியும், நாளை அதற்கு என்ன செய்யப் போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அத்தையை நினைத்தால் மறுநாள் காலை அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். கூட்டிப்போகாவிட்டால் நான் நினைத்தது பொய். மனுவில் கடன் மேலே இருப்பவர் தலையில் விழுகிறது. நினைப்பதில் கடன் என் தலையில் விழுகிறது. கேஜின் முள் இங்கே அசைகிறது. செய்தேனா, செய்யவில்லையா என்று மறுநாளே தெரிந்துவிடும்.

"இதுக்கு எதுக்குப் பிரார்த்தனைன்னு பேரு? டைரி எழுதேன்" என்பார் நண்பர். எழுதலாம்தான். ஆனால் ஆயிரம் வருடமாக இந்த மொழியில் ஜனங்கள் தங்கள் ஆழத்தோடு பேச வைத்திருந்த ஒரு சொல்லை, கிரில் கதவு போட்டவர்களுக்கும் மாடிக் கடைவீட்டுக்காரர்களுக்கும் மொத்தமாக எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை. தோட்டத்தை விட்டு வந்தபோது கோயில் நிலத்தை இழந்தோம், கல்லை இழந்தோம். சொல்லையும் ஏன் விட வேண்டும்? "யாரைப் பார்த்துக் கும்பிடுறே?" என்றால் என்னிடம் முகவரி இல்லை. முகவரி இல்லாமல் உட்கார முடிகிறது, அதுவே எனக்குப் போதும்.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போல விலகியவர்களும் விலக யோசிப்பவர்களும் இருப்பீர்கள். உங்களை வரவேற்க மாலையோடு நிற்பவர்களைக் கவனியுங்கள். பிரார்த்தனையைச் சொல்லித் தர வரும் எவரிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். பலிக்காவிட்டால் பழி யார் மேல்? மருந்துக்கும் நியாயத்துக்கும் பதிலாக இதை வைக்கிறீர்களா? நான் நினைப்பதை யார் யார் கேட்பார்கள்? நாளையே நான் வரவில்லை என்றால் என் அம்மாவை என்ன பாடு படுத்துவீர்கள்? நேராகப் பதில் சொல்பவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எனக்கு அவரோடு சண்டையில்லை. அவரோடு சேர்ந்து கோயிலிலோ தேவாலயத்திலோ உட்காரவும் தயார்.

அடுத்த முறை உங்கள் குடும்பத்தில் ஒரு பையனோ பெண்ணோ எதிலிருந்தாவது வெளியே வந்தால், இப்போது எதில் இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். வடலூர் அடுப்பு கேட்பதும் அதைத்தான்.